பழைய அமெரிக்கக் காதல் காமிக்ஸ்: எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

கேள்வி இது: அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனின் ஓவியங்களில் கண்ணீர் வடிக்கும் பெண்கள் எல்லாம் பழைய அமெரிக்கக் காதல் காமிக்ஸிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் என்கிறார்களே, அந்தக் காமிக்ஸில் இன்று படிக்கும்படியாக ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எங்கே தொடங்குவது?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் லிக்டன்ஸ்டைன் எடுத்தாண்ட 1960களின் இதழ்களிலிருந்து தொடங்காதீர்கள். 1947க்கும் 1954க்கும் இடையில் வந்தவற்றை முதலில் படியுங்கள். காதல் காமிக்ஸ் என்றதும் உலகத்தின் நினைவுக்கு வருவது அந்த வகைமையின் மிகச் சோர்ந்த காலம். அதற்கு முன்னால் ஏழெட்டு ஆண்டுகள், வேறு எந்தக் காமிக்ஸும் தொடாத விஷயங்களை இந்த இதழ்கள் தொட்டன. அவற்றை யாரும் போதிய அளவு படிக்கவில்லை என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரே ஒரு கட்டத்தை, அதாவது காமிக்ஸ் பக்கத்தின் ஒரே ஒரு படச் சட்டத்தை, எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘மூழ்கும் பெண்’ என்ற ஓவியத்தை லிக்டன்ஸ்டைன் 1963இல் வரைந்தார். சுழலும் அலைகளுக்கு நடுவே ஒரு பெண்ணின் முகம், மூடிய கண்களில் நீர். பிராட் என்ற ஒருவனை உதவிக்குக் கூப்பிடுவதைவிட மூழ்கிப்போவதே மேல் என்று நினைக்கிறாள். இதன் மூலம் சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனத்தின் ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ 83ஆம் இதழில், 1962 நவம்பரில், வந்த ஒரு கதை. வரைந்தவர் டோனி அப்ரூஸோ. மூலக் கட்டத்தில் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஒரு படகு கவிழ்ந்து கிடக்கிறது. அதைப் பற்றிக்கொண்டு அவளுடைய காதலன் மிதக்கிறான். மூலத்தில் அவன் பெயர் மால். அவளுக்குத் தசைப்பிடிப்பு வந்திருக்கிறது. அதைப் பற்றிக் கவலையில்லை, அவனைக் கூப்பிட மாட்டேன் என்கிறாள். லிக்டன்ஸ்டைனின் கையில் படகு போயிற்று, காதலன் போனான், தசைப்பிடிப்பும் போயிற்று. காரணமே தெரியாமல் அழுதுகொண்டு மூழ்குகிற ஒரு பெண் மட்டும் மிஞ்சினாள். அதே கதையின் வேறொரு கட்டத்திலிருந்து அதே ஆண்டில் இன்னோர் ஓவியத்தையும் அவர் வரைந்தார். ஓவியமாக அது பெரிய படைப்பு, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூலத்தில் அவள் வீம்பு பிடித்த ஒருத்தி. அவளுக்கு ஒரு கோபம் இருந்தது, அந்தக் கோபத்துக்கு ஒரு கதை இருந்தது. ஓவியத்தைப் பார்ப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

இனி தொடக்கத்துக்கு வருகிறேன். ‘யங் ரொமான்ஸ்’ முதல் இதழ் 1947 செப்டம்பர்–அக்டோபர் தேதியிட்டு வந்தது. உருவாக்கியவர்கள் ஜோ சைமனும் ஜாக் கிர்பியும், அதாவது 1940இன் இறுதியில் கேப்டன் அமெரிக்காவைப் படைத்த அதே இருவர். போரின்போது சைமன் கடலோரக் காவல் படையில் இருந்தார். கிர்பி காலாட்படை வீரராக ஐரோப்பாவுக்குப் போய் வந்தார். திரும்பி வந்தபோது முகமூடி வீரர்களின் மவுசு குறைந்துகொண்டிருந்தது. மறுபக்கம், பெண்கள் தங்கள் வாழ்க்கைத் தவறுகளைத் தாங்களே சொல்வதுபோல் எழுதப்பட்ட வாக்குமூலப் பத்திரிகைகள், 1919இல் பெர்னார் மக்ஃபாடன் தொடங்கிய ‘ட்ரூ ஸ்டோரி’யின் வழியில், ஏராளமாக விற்றுக்கொண்டிருந்தன. இதைக் காமிக்ஸாக ஏன் யாரும் செய்யவில்லை என்று சைமனுக்குத் தோன்றியது. க்ரெஸ்ட்வுட் பதிப்பகத்தோடு லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதே வழக்கமாக இருந்த தொழிலில் அது அபூர்வமான ஏற்பாடு. சற்று முதிர்ந்த வாசகர்களுக்காக என்று அட்டையிலேயே அச்சிட்டார்கள். முதல் இதழின் அச்சுப்படிகளில் 92 சதவீதம் விற்றுப்போனது.

பிறகு நடந்தது எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். ஃபாசெட், ஃபாக்ஸ், குவாலிட்டி, டைம்லி, டிசி என்று எல்லாப் பதிப்பகங்களும் பாய்ந்தன. 1950 வாக்கில் அமெரிக்கக் கடைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தலைப்புகளில் காதல் காமிக்ஸ் குவிந்து, அந்த நெரிசலிலேயே பாதி மூச்சுத்திணறி நின்றன.

இந்த இதழ்களை வாங்கிய பெண்களைப் பற்றி ஒரு தகவல் அவசியம். 1950இல் அமெரிக்கப் பெண்களின் முதல் திருமண வயதின் இடைநிலை 20.3, அதாவது பாதிப் பேர் அதற்கும் முன்பே மணமுடித்தார்கள். பள்ளியை முடித்த இரண்டொரு ஆண்டுகளில் வாழ்க்கை முழுவதையும் தீர்மானிக்கும் முடிவை எடுக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் தொழிற்சாலைகளில் வேலை பார்த்த பெண்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலமும் அதுவே. பத்து சென்ட் கொடுத்து அவர்கள் வாங்கியது வெறும் பகற்கனவு என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாரை நம்புவது, பணமுள்ளவனா பிடித்தவனா, அம்மா சொல்வது சரியா, வேலையை விட வேண்டுமா: அவர்கள் முன்னால் உண்மையாகவே நின்ற கேள்விகள் இவை.

சைமன்–கிர்பி கதைகளின் முதல் பக்கத்தைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் கதாநாயகியே வாசகரைப் பார்த்துப் பேசுகிறாள். கதையின் தலைப்பு அவளுடைய பேச்சுக் குமிழிக்குள் இருக்கிறது. தலைப்பையே அவள் வாயால் சொல்லவைக்கும் இந்த உத்தி அந்த நாளில் வாசகியைச் சட்டென்று பக்கத்தில் இழுத்து உட்கார வைத்திருக்கும். கிர்பி நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில், குடியேறிய யூதக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கட்டடங்களில் வளர்ந்தவர். அவர் வரைந்த காதல் கதைகளில் அந்த இடுக்கான அறைகளும் மாடிப்படிகளும் அடுக்களை மேசைகளும் வந்துகொண்டே இருக்கின்றன. அடிதடி வரைந்த கை, காதலர்களை வரைந்தபோதும் அந்த வேகத்தை விடவில்லை. இரண்டு பேர் வாசலில் நின்று பேசினாலும் தோள்கள் முறுக்கேறி, கைகள் எதையோ பிடிக்கப்போவதுபோல் நிற்கின்றன. ஏழ்மை, வர்க்க வேற்றுமை, ஊர்வாய், பிள்ளைகளை விடாமல் பிடித்துவைக்கும் தாய்கள் எல்லாம் இந்தக் கதைகளில் உண்டு. நான் கிர்பியின் சூப்பர்ஹீரோ பக்கங்களுக்கு இணையாக இவற்றை வைப்பேன்.

இருந்தாலும், ஒரே ஒரு பதிப்பகத்தைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் செயின்ட் ஜானைத் தேர்ந்தெடுங்கள்.

ஆர்ச்சர் செயின்ட் ஜான் நியூயார்க்கில் நடத்திய சிறிய பதிப்பகம் அது. ‘டீன்-ஏஜ் ரொமான்சஸ்’, ‘பிக்டோரியல் ரொமான்சஸ்’, ‘டயரி சீக்ரெட்ஸ்’, கொரியப் போர்க் காலத்தில் ‘வார்டைம் ரொமான்சஸ்’ என்று பல இதழ்களைக் கொண்டுவந்தது. அதன் தலையாய ஓவியர் மாட் பேக்கர். 1921இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பின அமெரிக்கர், பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர், இளமையிலேயே இதய நோய் கண்டவர். இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த நாட்டில், அந்த நாட்டின் வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்களின் நடன மாலைகளையும் கடற்கரை விடுமுறைகளையும் அவரைவிட அழகாக யாரும் வரையவில்லை. 1959இல், 37 வயதில் இறந்துபோனார். காமிக்ஸ் உலகின் பெருமைக்குரிய ஐஸ்னர் கௌரவப் பட்டியலில் 2009இல்தான் அவர் பெயர் சேர்ந்தது.

பேக்கரின் பக்கங்களில் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கைகளைப் பாருங்கள். காத்திருக்கும் பெண் கைப்பையை எப்படிப் பிடித்திருக்கிறாள், பொய் சொல்லும் ஆண் நாற்காலியில் எப்படிச் சாய்ந்திருக்கிறான், நடனக் கூட்டத்தின் பின்வரிசையில் நிற்கும் பெயரற்ற ஜோடி என்ன செய்கிறது என்பதையெல்லாம் அவர் யோசித்து வரைந்திருக்கிறார். துணியின் மடிப்பிலிருந்து அது பருத்தியா பட்டா என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பதிப்பகத்தின் கதைகளில் பலவற்றை எழுதியவர் டானா டச். இதழ்களில் எழுத்தாளர் பெயர் அச்சாகாத காலம் அது. ஆய்வாளர் ஜான் பென்சன் அக்கதைகளின் தனிக்குணத்தை அடையாளம் கண்டு, 2003இல் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் டச்சின் பெயர் வெளியே தெரிந்தது. அந்தத் தனிக்குணம் என்ன? டச்சின் கதாநாயகி பதினேழு பதினெட்டு வயதுக்காரி. பெற்றோரிடம் பொய் சொல்லிவிட்டு நடனத்துக்குப் போவாள். போகக் கூடாத ஆளோடு போவாள். ஓரிடத்தில் அவன் யார் என்று அவளுக்கே விளங்கும். தானாக யோசிப்பாள், தானாகத் திரும்பி வருவாள். பிறகு வானம் இடிந்து விழுவதில்லை. ஊர் அவளைத் தள்ளிவைப்பதில்லை, அவள் நோயில் விழுவதில்லை, ஆயுள் முழுக்க அழுது தீர்ப்பதும் இல்லை. அனுபவப்பட்டாள், அறிந்துகொண்டாள், அவ்வளவுதான். ஒரு பெண் தவறு செய்துவிட்டு முழு மனுஷியாகவே மிஞ்சலாம் என்று 1950இல், பத்து சென்ட் இதழில், பள்ளிப் பெண்களிடம் சொன்ன ஒருவர் இருந்திருக்கிறார். அதே ஆண்டுகளில் மற்ற பதிப்பகங்களின் கதைகளில் அதே தவற்றுக்கு விழுந்த தண்டனையோடு ஒப்பிட்டால் டச்சின் துணிவு விளங்கும்.

பேக்கரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு தலைப்பையும் சொல்லியாக வேண்டும். 1950இல் ஃபாசெட் பதிப்பகம் கறுப்பின இளைஞர்களின் காதலை மையமாக வைத்து ‘நீக்ரோ ரொமான்ஸ்’ என்ற இதழைக் கொண்டுவந்தது. எழுதியவர் ராய் ஆல்ட். வரைந்தவர் கறுப்பின ஓவியரான ஆல்வின் ஹாலிங்ஸ்வொர்த். காமிக்ஸில் கறுப்பினத்தவர் என்றாலே கேலிச்சித்திரம் என்றிருந்த காலத்தில், இதில் அவர்கள் படித்தவர்களாக, நன்றாக உடுத்தியவர்களாக, மற்ற எல்லாரையும்போல் காதலில் தடுமாறுபவர்களாக வந்தார்கள். மூன்றே இதழ்களோடு நின்றுவிட்டது. இன்று அதன் பிரதிகள் கிடைப்பது மிக அரிது.

ஓவியர் அலெக்ஸ் டோத்தையும் தவறவிடாதீர்கள். 1952 முதல் 1954 வரை ஸ்டாண்டர்டு பதிப்பகத்துக்காக அவர் வரைந்த காதல் கதைகளில் தேவையில்லாத கோடு ஒன்றுகூட இருக்காது. படம் வரையப் பழகுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அவற்றைத்தான்.

1954இல் எல்லாம் மாறியது. மனநல மருத்துவர் ஃபிரெடரிக் வெர்தம் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று எழுதிய நூல் அந்த ஆண்டு வெளியானது. அமெரிக்க செனட்டின் துணைக்குழு ஏப்ரலிலும் ஜூனிலும் நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. அரசு தலையிடுவதற்கு முன்னால் பதிப்பாளர்கள் தாங்களே கூடி ஒரு தணிக்கை விதித்தொகுப்பை இயற்றிக்கொண்டார்கள். திகில் காமிக்ஸை அது கொன்றது என்பது பலருக்கும் தெரியும். காதல் காமிக்ஸுக்கு அது என்ன செய்தது என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதன் விதிகள் இவை: காதல் கதைகள் இல்லத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். மணவிலக்கை விரும்பத்தக்கதாகக் காட்டக் கூடாது. முறையற்ற உறவைக் குறிப்பாகக்கூட உணர்த்தக் கூடாது. பெற்றோருக்கு மரியாதை குறையக் கூடாது. டானா டச்சின் கதாநாயகி இந்த விதிகளுக்குள் வீட்டு வாசலைத் தாண்டவே முடியாது. பதிப்பாளர் ஆர்ச்சர் செயின்ட் ஜான் 1955இல் இறந்தார். அவருடைய காதல் இதழ்களும் நெடுநாள் நீடிக்கவில்லை.

நிகழ்ச்சிகளுக்குத் தடை விழுந்ததும் கதைக்கு மிஞ்சியது உணர்ச்சி மட்டும். என் வாசிப்பில் தெரிவது இது: 1955க்குப் பிறகு கட்டங்கள் முகத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. அறை மறைகிறது, தெரு மறைகிறது, வேலை மறைகிறது. நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒரு முகம், கன்னத்தில் ஒரு துளி, மேலே ஒரு நினைவுக் குமிழி. டிசியின் இதழ்கள் தணிக்கைக்கு முன்பே அடக்கமானவை. அந்த நிறுவனம் இந்த முகச் சித்திரத்தை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தது. லிக்டன்ஸ்டைன் கடையில் எடுத்துப் புரட்டியது இந்தக் காலத்து இதழ்களை. அவர் 1950இன் செயின்ட் ஜான் இதழைப் புரட்டியிருந்தால் அழும் முகம் தேடி அலைந்திருக்க வேண்டும்.

அதற்காக 1955க்குப் பிறகு வந்தது எல்லாம் வீண் என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஏசிஜி என்ற சிறு பதிப்பகத்தில் ஆக்டன் விட்னி வரைந்த கதைகள் விதிகளுக்கு முற்றிலும் கட்டுப்பட்டவை, ஆனால் படித்து முடித்ததும் ஏதோ நெருடுகிறது. பளிச்சென்ற அறைகளில் நேர்த்தியாக உடுத்திய மனிதர்கள் உணர்ச்சியில்லாத முகத்தோடு ஒருவரையொருவர் அன்பின் பெயரால் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். அக்கதைகளுக்கு 2019இல் ஒரு நல்ல தொகுப்பு வந்திருக்கிறது. அதேபோல், ஜான் ரொமிட்டா 1950களின் பிற்பகுதியிலிருந்து டிசிக்காகக் காதல் கதைகள் வரைந்து பழகிய கையோடுதான் 1966இல் ஸ்பைடர்மேனுக்கு வந்தார். ஸ்பைடர்மேனின் காதலி மேரி ஜேன் கதவில் வந்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற கட்டம் காதல் காமிக்ஸின் பள்ளியில் கற்ற பாடம். சூப்பர்ஹீரோக்கள் வீட்டில் சண்டை போடவும், வாடகைக்குக் கவலைப்படவும், சொல்லாத காதலில் வாடவும் தொடங்கிய 1960களின் மார்வெல் பதிப்பக மாற்றம் முழுவதிலும் இந்த இதழ்களின் கை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான கிர்பி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காதல் கதை வரைந்தவர். இரும்புக்கை மாயாவியிலிருந்து வாசிப்பைத் தொடங்கி ஸ்பைடர்மேனுக்கு வந்த நம் வாசகர்கள் இந்த நடுவழியைத் தெரிந்துகொள்வது நல்லது.

‘யங் ரொமான்ஸ்’ 1963இல் டிசியின் கைக்குப் போய், 1975இல் நின்றது. அதன் தங்கை இதழ் ‘யங் லவ்’ 1977 வரை வந்தது.

படிக்கும்போது எதிர்ப்படும் கசப்புகளையும் சொல்லிவிடுகிறேன். பெண்ணின் குரலில் எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வேலையில் கெட்டிக்காரியான பெண் கடைசிப் பக்கத்தில் அதைத் துறந்துவிட்டு மணமேடை ஏறுவது சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்ப வரும். ஆண் பெண்ணின் கன்னத்தில் அறைந்து ‘புத்தி புகட்டும்’ கட்டங்கள் உண்டு; அவற்றுக்கு நான் எந்த சமாதானமும் சொல்ல மாட்டேன். வெள்ளையர் அல்லாதவர்கள் பெரும்பாலும் கண்ணிலேயே படுவதில்லை. என் பழக்கம், கடைசிக் கட்டத்துக்கு அதிக எடை கொடுக்காமல் படிப்பது. முடிவு வழக்கத்துக்காக ஒட்டப்பட்டது. ஏழு பக்கக் கதையில் ஆறு பக்கம் அவள் எதை விரும்பினாள், எதற்கு எரிச்சல்பட்டாள், எதைத் துணிந்தாள் என்பதிலேயே போகிறது. எழுதியவர்களின் மனமும் வாசகிகளின் மனமும் அங்கேதான் இருந்திருக்கும்.

எங்கே கிடைக்கும்? அமெரிக்கச் சட்டப்படி 1963 வரை வெளியான இதழ்களின் காப்புரிமையை 28 ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. செயின்ட் ஜான், ஃபாக்ஸ், ஸ்டாண்டர்டு போன்று மூடிப்போன பதிப்பகங்களின் இதழ்களுக்குப் பெரும்பாலும் யாரும் புதுப்பிக்கவில்லை. அதனால் அவை அந்நாட்டில் பொதுச்சொத்தாகிவிட்டன. ‘டிஜிட்டல் காமிக் மியூசியம்’, ‘காமிக் புக் பிளஸ்’ ஆகிய இரண்டு இணையக் காப்பகங்களில் ஆயிரக்கணக்கான பக்கங்களை இலவசமாகப் படிக்கலாம். சேகரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பிரதிகளை ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றியவை அவை. அந்த உழைப்பு இல்லாவிட்டால் பேக்கரை நாம் அறிந்திருக்கவே மாட்டோம். டிசி, மார்வெல் இதழ்கள் பெரும்பாலும் இன்னும் உரிமைக்கு உட்பட்டவை. சைமன்–கிர்பி கதைகளுக்கு ஃபான்டகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2012இல் வெளியிட்ட தொகுப்பு மிக நேர்த்தியானது. வரலாற்றுக்கு மிஷேல் நோலன் 2008இல் எழுதிய நூலுக்கு நிகராக வேறொன்றை நான் பார்க்கவில்லை.

ஸ்கேன்களைப் படிக்கும்போது இதழ் முழுவதையும் படியுங்கள். இரண்டு பக்க உரைநடைக் கதை ஒவ்வோர் இதழிலும் இருக்கும். சலுகை அஞ்சல் கட்டணம் பெற அது தேவைப்பட்டது. அதற்கும் பின்னால் வாசகிகளுக்கான அறிவுரைப் பகுதியும், எடை குறைக்கும் மாத்திரை, பருக்களுக்கான களிம்பு விளம்பரங்களும் வரும். கதாநாயகி தன் விருப்பப்படி நடந்துகொள்ளும் கதைக்கு அடுத்த பக்கத்திலேயே அவளுடைய வாசகியிடம் உன் உடம்பு சரியில்லை என்று ஒரு விளம்பரம் சொல்வதைப் பார்ப்பது அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவும்.

அச்சுப் பிரதியே வேண்டும் என்றால், பேக்கர் அட்டை போட்ட இதழ்களின் விலை இப்போது வெகுவாக ஏறிவிட்டது. அவற்றைத் துரத்த வேண்டாம். அட்டை கிழிந்த, மூலை மடங்கிய, ஆனால் பக்கங்கள் முழுமையாக உள்ள பிரதிகள் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், படிக்க அவை போதும். வாங்குவதற்கு முன் நடுப்பக்கம் இருக்கிறதா, கூப்பன் வெட்டப்பட்டிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். விளம்பரக் கூப்பனை வெட்டும்போது அதன் பின்பக்கத்துக் கதையும் சேர்ந்து போயிருக்கும். இவை மலிவான செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை, காகிதத்துக்குள்ளேயே அமிலம் இருக்கிறது. நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சீக்கிரமே பொடியத் தொடங்கும். பிவிசி உறைகளைத் தவிர்த்து, அமிலமற்ற அட்டையோடு பாலியஸ்டர் உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் படுக்கவைத்து வையுங்கள்.